ஆலம்பால் வைத்த குதிகால்

அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு தடம் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. கதவிலிருந்து எடை பார்க்கும் தராசு வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி அடுப்படிக்குப் போயிருந்தது.

ஏதோ ஒரு பிள்ளை காலில் கண்ணாடியைக் குத்திக்கொண்டு சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். சுற்றுலா வருகிறவர்கள் உடைத்துப் போடும் பாட்டில் சில்லுக்கு எங்கள் பக்கம் குறைவே இல்லை. "யாரு கால்ல ரத்தம்? எல்லாரும் காலைத் தூக்குங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். பதினான்கு பிள்ளைகளையும் சுவரோரம் உட்கார வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தேன். சேறு இருந்தது. வெடிப்பு இருந்தது. ஒரு காலில் காய்ந்துபோன சத்துமாவுகூட இருந்தது. ரத்தம் மட்டும் இல்லை.

நான் நடக்க நடக்கத் தரையில் தடம் கூடிக்கொண்டே போனது. அதுகூட என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி விரலை நீட்டினாள்.

"டீச்சர், ஒங்க காலு."

சுவரைப் பிடித்துக்கொண்டு என் வலது காலை மடக்கித் திருப்பினேன். குதிகாலில் கறுப்பாக ஒரு பொருக்கு பாதி பெயர்ந்து தொங்கியது. அதற்கடியிலிருந்து ரத்தமும் சீழும் கலந்து வந்துகொண்டிருந்தது. நாற்றம் அடித்தது. இத்தனைக்கும் துளி வலி இல்லை. யாரோ ஒருத்தியின் காலை என் இடுப்பில் ஒட்டிவைத்தது போல நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சமையல் உதவியாளர் வந்து என்னை உட்கார வைத்தார்.

சர்க்கரை நோய் இருந்தும் தன் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திட்டுகிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாய் அப்படி. அந்த வாயால் நான் செய்த ஒரு பாவமும் இதில் வருகிறது.

என் பெயர் சரோஜா. ஊர் கிளாவரை. கொடைக்கானலில் பஸ் ஏறினால் மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிக் கடைசியாக வருகிற மேல்மலை ஊர். கேரட், உருளை, பூண்டு, அதை விட்டால் குளிர். என் அப்பாவும் மாமனாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மலை விட்டு மலை வந்தவர்கள் நாங்கள்; ஈரத்தில் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை.

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு வத்தலகுண்டு இறங்குவார், வெறுங்கூடைகளோடு ஏறுவார். அவருடைய தங்கை செல்வி பக்கத்து வீடு. பூண்டுக் காட்டில் கூலி வேலை. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாத்தனார் என்று சொல்லிக்கொண்டாலும் கூட்டாளி மாதிரிதான் இருந்தோம்.

எனக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. மழைக்காலத்தில் விரல் நுழைகிற ஆழத்துக்கு வெடிக்கும். அதற்கு எங்கள் வீட்டு வைத்தியம் ஆலம்பால். ஆனால் கிளாவரைக் குளிரில் ஆலமரம் ஏது? மலை அடிவாரத்தில், மலைப்பாதை முடிந்து சமவெளி தொடங்குகிற இடத்தில் ரோட்டோரம் ஒரு மரம் நிற்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒடித்தால்தான் பால் நிறைய வரும் என்று வீட்டுக்காரர் அங்கே வெள்ளனே வண்டியை நிறுத்துவார். பாலாக எடுத்து வந்தால் வழியிலேயே கட்டி தட்டிவிடும். அதனால் இலையோடு கொப்புகளாக ஒடித்து, ஈரச்சாக்கில் சுருட்டி, வெறுங்கூடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வருவார். மறுநாள் காலையில் இலையைக் கிள்ளினாலும் காம்பிலிருந்து பால் சொட்டும். குளிரில் அது இறுகிப் போனால் கொப்பை அடுப்பின் சூட்டில் கொஞ்சம் காட்டுவோம்.

என் குதிகாலை நானே பார்த்துப் பால் சொட்டுவது சிரமம். அதனால் தினமும் காலையில் செல்விதான் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வெடிப்பில் பாலைச் சொட்டுவாள். அது காய்ந்து பிசின் போல வெடிப்பை மூடிக்கொள்ளும். நாளாக ஆகக் கறுத்துப் பொருக்காகிவிடும். அதன் மேலேயே அடுத்த நாள் பால்.

அதே மரத்தின் பட்டைதான் என் சர்க்கரைக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு முகாமில் எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்கள் ஒழுங்காகத்தான் போட்டேன். அப்புறம் யாரோ ஆலம்பட்டைக் கஷாயம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். பட்டை வந்தது, இடித்துக் கொதிக்க வைத்துக் காலையில் ஒரு டம்ளர் குடித்தேன். துவர்ப்பு நாக்கிலேயே நிற்கும். இவ்வளவு துவர்க்கிற ஒன்று இனிப்பைக் கொல்லாமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது.

அந்தக் கார்த்திகை வாக்கில் குதிகால் வலி நின்றுபோனது. சுத்தமாக நின்றுபோனது. நான் வீட்டுக்குள் தம் தம் என்று நடந்து காட்டினேன். செல்வி சிரித்தாள். "பாத்தீங்களா மதினி, கீழ்நாட்டுப் பாலு வேலையக் காட்டிருச்சு" என்றாள். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே இரண்டு மடங்கு கொப்பு கொண்டு வந்தார்.

வலி நின்றது ஆலம்பாலால் இல்லை. நரம்பு செத்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து அதைக் கொண்டாடியிருக்கிறோம்.

கீழே இருப்பவர்களாக இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ. மார்கழி, தை மாதத்தில் எங்கள் ஊர்ப் புல்லில் உறைபனி வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் காலே இருக்காது. "காலு மரத்துக் கெடக்கு" என்பது எங்கள் ஊரில் யாரும் நோயாக எண்ணுகிற பேச்சில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பது மாதிரி ஒரு பேச்சு. ஊரே அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் வெயில் ஏறினதும் கால் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை. செல்வி வழக்கம்போல எனக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். நான் படுக்கையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தேன். அவள் காலைத் தூக்கிப் பால் வைத்தாள். அப்புறம் முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால் மூக்கு வெறுமையாக இருந்தது.

என் மூக்குத்தி பூப்போல வேலைப்பாடு, நடுவில் ஒற்றைச் சிவப்புக் கல். அம்மாவுடையது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டு வந்தவற்றில் கடைசியாக மிஞ்சியது அது ஒன்றுதான். போர்வையை உதறினேன், திருகு மட்டும் விழுந்தது. அடுப்படியைக் கூட்டி, சாம்பலைச் சலித்து, எல்லாம் பார்த்தாயிற்று. திருகு இங்கே இருக்கும்போது மூக்குத்தி மட்டும் எங்கே நடந்தா போகும்?

வீட்டுக்காரர் இருட்டிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கண் விழிப்பதற்கு முன்பு வீட்டுக்குள் இருந்தது செல்வி ஒருத்திதான். இந்த நினைப்பு ஒரு தரம் வந்தது, அப்புறம் போகவில்லை. "நீ பாத்தியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். மத்தியானம் ஒரு தரம் கேட்டேன். சாயங்காலம் ஒரு தரம் கேட்டேன். மூன்றாவது தரம் அவள் முகம் மாறியது.

மறுநாள் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வீட்டுக்குள்ள வந்துட்டுப் போனது நீ ஒருத்திதான செல்வி? பெறகு அதுக்கு என்ன றெக்கையா மொளச்சிருச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

செல்வி பாதி நிரம்பிய குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் அவள் வீட்டில் மிச்சமிருந்த ஆலங்கொப்புகளைக் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. என் வீட்டுக்காரர் இடையில் அகப்பட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வாயைத் திறக்காமல் இருந்தார்.

ஆலம்பாலை நானே வைத்துக்கொண்டேன். காலை மடக்கிக் கைக்கு எட்டின இடத்தில் குத்துமதிப்பாகச் சொட்டினேன். பார்க்க ஆள் இல்லை. பொருக்கின் மேல் பொருக்கு ஏறியது. அப்படி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அங்கன்வாடித் தரையில் அந்தத் தடம்.

அன்றைக்கே வீட்டுக்காரர் குட்டியானையில் கூடைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். கொடைக்கானலில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மலைப்பாதை முடிந்ததும் ரோட்டோரம் அந்த ஆலமரம் வந்தது. எப்போதும் அங்கே வேகத்தைக் குறைக்கிறவர் அன்று கியரைக்கூட மாற்றவில்லை. நானும் பார்க்கவில்லை.

மதுரை மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். மகள் வயதுதான் இருக்கும். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. நான் பாதத்துல தொடுறப்பல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். வராந்தாவில் தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்பங்க டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சுட்டேன்மா" என்றார். "ரெண்டு கால்லயும் பத்துப் பத்து எடத்துல தொட்டேன். நீங்க ஒண்ணுக்கும் சொல்லல."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் விளையாடவில்லை. மறுபடி இழையை எடுத்து என் பெருவிரலுக்கடியில் வைத்து வளைகிற வரைக்கும் அழுத்திக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வருடம் என்னைச் சுமந்த பாதங்கள் எப்போது என்னை விட்டுப் போயின என்றுகூட எனக்குத் தெரியாது. தூக்கிவாரிப் போட்டது என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

இதற்குப் பெயர் புற நரம்புச் சிதைவு (கட்டுக்கடங்காத சர்க்கரை கை கால் நரம்புகளைக் கெடுத்து, சூடு, வலி, தொடுகை எதுவும் தெரியாமல் ஆக்குவது). சர்க்கரை நானூற்றுச் சொச்சம் இருந்தது. டாக்டர் கஷாயத்தைப் பற்றிக் கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆலம்பட்டை கெட்டதுன்னு நான் சொல்லலம்மா. அது ஒங்களுக்கு வேலை செய்யுதான்னு ஒரு தடவையாவது அளந்து பாத்தீங்களா?"

மாதாமாதம் பதினான்கு பிள்ளைகளை எடை போட்டு, உயரம் பார்த்து, அரைக் கிலோ குறைந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்துகிறவள் நான். என் சர்க்கரையை இரண்டு வருடமாக ஒரு தடவைகூட அளக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்.

"குதிகால் எலும்புகிட்ட ஏதோ உலோகம் இருக்கு. எதையாவது மிதிச்சீங்களா?"

சாம்பல் நிறத்தில் என் கால் எலும்பு தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, வெள்ளை வெளேரென்று, ஒரு சின்னப் பூ. பூவுக்கு ஒரு காம்பு.

என் கை தானாக மூக்குக்குப் போனது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஏ சரோசா" என்றார்.

அம்மாவின் மூக்குத்தியை நான் மிதித்திருக்கிறேன். வெடிப்புக்குள் அது காம்போடு இறங்கியிருக்கிறது. அதன் மேல் ஆலம்பால் சொட்டி, காய வைத்து, மூடி, ஒரு மாதத்துக்கு மேலாக அதன் மீதே நடந்திருக்கிறேன். குழாயடிக்கு நடந்தேன். செல்வியைத் திருடி என்று சொல்லப் போன அன்றைக்கும் அந்தக் காலால்தான் நடந்து போனேன். அட கொடுமையே! அந்த நேரம் எனக்குக் கால் பயம்கூட வரவில்லை. நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கால் பயம் சற்று நேரத்தில் வந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் வந்து நின்றபடியே சொன்னார். சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது (எலும்பிலேயே புண் பிடித்தால் மருந்து எளிதில் போய்ச் சேராது). செத்த சதையைச் சீவி எடுத்துவிட்டு மூன்று நாள் பார்ப்போம். கட்டுப்பட்டால் கால் தப்பும். மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துப் பேனாவை வைத்தார்.

சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. நர்ஸ் மூக்குத்தியைக் கழுவி அதில் போட்டுக் கொடுத்திருந்தார். சிவப்புக் கல் அப்படியே இருந்தது. என் கால்தான் அழுகியது, அது அழுகவில்லை.

"செல்விக்குப் போன் போட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"வச்சுட்டா."

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். எந்த முகத்தோடு பார்ப்பது? முதல் நாள் போனது. காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாள் கட்டைப் பிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நோயாளிக்குக் காட்டக் கூடாது, டாக்டர்களே.

மூன்றாம் நாள் மத்தியானம் செல்வி வந்தாள். கிளாவரையிலிருந்து முதல் பஸ் பிடித்து, வண்டி மாறி மாறி, வேலைக்குப் போகிற சேலையோடேயே வந்திருந்தாள். நகத்துக்குள் காட்டு மண் இருந்தது. உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கினாள்.

"காலு இருக்கா?"

"இருக்கு. இன்னிக்குச் சொல்லுவாங்க."

நான் குப்பியை எடுத்து நீட்டினேன். "செல்வி, நான்" என்று தொடங்கினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"அன்னிக்கு நாந்தான பாலு வச்சேன்" என்றாள். "நீங்க படுக்கைய விட்டு எறங்கி நேரா வந்து ஒக்காந்தீங்க. நான் பாக்காம அது மேலயே வச்சு மூடிட்டேனோ? மூணு நாளா இதே நெனப்புதான் மதினி. சோறு எறங்கல."

நான் எதை எதிர்பார்த்திருந்தேன்! அவள் என்னைக் கிழிப்பாள், காறித் துப்புவாள் என்று இருந்தேன். அவளானால் மூன்று நாளாகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் ஓவென்று அழுதேன். மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று அதையே சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "இப்ப வேண்டாம். மொதல்ல காலு தப்பட்டும். மன்னிப்பைப் பெறகு வாங்கிக்கிறேன். கோவம் அப்படியேதான் கெடக்கு" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். செல்வி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் பார்த்தார். பிறகு, சதை சிவந்து வருகிறது, எடுக்க வேண்டாம் என்றார். யார் முதலில் அழுதது என்று எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

குதிகாலில் ஒரு கை அளவு சதை போய்விட்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். கால் ஊன்றாமல் மாதக்கணக்கில் கிடந்தேன். காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின், நேரம் தவறாமல் மாத்திரை, வாரம் ஒரு தரம் சர்க்கரை அளவு. இப்போது எம்.சி.ஆர். செருப்புதான் (உள்ளே மெத்தென்று இருக்கிற, உணர்ச்சி குறைந்த பாதத்துக்கான செருப்பு), வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. அடுப்புக்கு முன்னால் காலை நீட்டுவதே இல்லை.

அங்கேயே சித்த மருத்துவப் பிரிவில் ஒருவரிடமும் கேட்டேன். எனக்கு ஆலமரத்தின் மீது ஒரு ஆத்திரம் இருந்தது. அவர் வாயால் அதைத் திட்ட வைக்க வேண்டும் என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"ஆலம்பாலு வெடிப்புக்கு வைக்கிறதுதாம்மா. ஆனா கழுவித் தொடச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வைக்கணும். சர்க்கரை உள்ளவங்களுக்குச் சும்மா வலி நின்னுபோச்சுன்னா நாங்களே மொதல்ல பயப்படுவோம். நீங்க சந்தோஷப்பட்டிருக்கீங்க."

அதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். வலிக்கவில்லை என்று யாராவது மகிழ்ந்தால் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன் இப்போது. கஷாயமோ மாத்திரையோ, எதைக் குடித்தாலும் அளந்து பாருங்கள். மாத்திரையை நிறுத்துவதென்றால் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்புறம், தினமும் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை வாயால் துரத்தியடிக்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பி, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் முதலில் போனது குழாயடிக்கு. அதே பெண்கள், அதே குடங்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். "மூக்குத்தி என் காலுக்குள்ளதான் இருந்துச்சு. செல்வி எடுக்கல. நான் வாய்க் கொழுப்புல பேசிட்டேன். செல்வி, என்னைய மன்னிச்சிரு."

செல்வி தன் குடத்தைக் குழாயடியிலிருந்து இழுத்தாள்.

"சரி, வாங்கிக்கிட்டேன். தள்ளி நில்லுங்க மதினி, வரிசை நிக்குது. ஈரத்துல கால வைக்காதீங்க."

அவ்வளவுதான். நான் ஏதோ பெரிதாக நடக்கும் என்று போயிருந்தேன்.

மூக்குத்தியை நான் மறுபடி போடவில்லை. மூக்கில் துளை தூர்ந்துபோய்விட்டது. குப்பி அரிசிப் பானைக்குப் பின்னால், மாத்திரை அட்டை இருந்த இடத்தில் இருக்கிறது. மாத்திரை கண்ணெதிரே அலமாரியில் இருக்கிறது.

முன்பெல்லாம் மாதக் கணக்கில்தான் நாளைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு எடை போடுகிற நாள், சத்துமாவு வந்து இறங்குகிற நாள், பூண்டு எடுக்கிற மாதம். இப்போது என் காலம் ஒரு காலையிலிருந்து அடுத்த காலை வரைக்கும்தான் நீளம். பாதத்தைப் பார்த்து முடித்தால் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று அர்த்தம். கணுக்காலுக்குக் கீழே இருப்பது என் உடம்புதான், ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று இன்னொருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் இது பெரிய அவமானமாக இருந்தது.

தினமும் காலையில் செல்வி வேலைக்குப் போகிற வழியில் வருகிறாள். என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்து, குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்க்கிறாள். பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். இங்க செவப்பு இல்ல, இங்க காப்பு காச்சிருக்கு, இந்த நகத்த வெட்டணும். கடைசியில் டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒவ்வொரு இடமாக விரலை வைப்பாள்.

இன்றைக்கும் வைத்தாள். வெளியே புல்லெல்லாம் உறைபனி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியுதா மதினி?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல செல்வி."

"நான் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றேன்.